நாகலூர்க் கட்டையில் மஞ்சள் சளிப்பூஞ்சை: 720 பாலினம் இருந்தும் இரண்டும் ஏன் சேரவில்லை?

காப்பித்தோட்டம்_நாகலூர்:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. நிழல் அதிகமாகிவிட்டது என்று சில சில்வர் ஓக் மரங்களை வெட்டியிருந்தோம். ஐப்பசி மழை பிடித்ததும் அந்த அடிக்கட்டைகளில் மஞ்சளாக ஏதோ படர ஆரம்பித்தது. முன்பக்கம் விசிறி விரித்தாற்போல் அகலம், பின்பக்கம் நரம்பு நரம்பாகப் பின்னல். காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலம் இல்லை, ஒரு சாண் தள்ளிப் போயிருக்கிறது. களை எடுக்க வந்த அம்மா "நாய் கக்கி வச்சிருக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போய்விட்டார்.

பெரிய கட்டை ஒன்றில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. இரண்டும் நடுவில் வந்து தொட்டன. ஒட்டிக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒட்டவில்லை. தொட்ட இடத்தில் கொஞ்ச நேரம் நின்றன, அப்புறம் ஆளுக்கொரு பக்கம் திரும்பிவிட்டன. ஆனால் ஒன்றை மட்டும் பேனாக்கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தேன், அது பழையபடி கூடிக்கொண்டது.

இதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் மச்சான் ஒரு செய்தி அனுப்பினார், இந்த உயிருக்கு 720 பாலினம் இருக்கிறதாம். இத்தனை இருந்தால் ஜோடி சேருவது சுலபம்தானே? பிறகு ஏன் இரண்டும் முறைத்துக்கொண்டு போயின? காப்பிக்கு இதனால் கெடுதல் உண்டா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

குரங்குச்சாவடி_குமரன்:

அண்ணா, இது ஃபுலிகோ செப்டிகா. மரத்தூள், மக்கிய பட்டையில் வரும். 1973இல் அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் ஒரு வீட்டுத் தோட்டத்தில் இது வளர்ந்து, ஊரே பயந்துபோய்ப் பத்திரிகைச் செய்தியானது. எதற்கும் பூஞ்சைக்கொல்லியான போர்டோ கலவை அடித்துவிடுங்கள், செடிக்கு ஏறிவிடப் போகிறது.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

தயவுசெய்து எதுவும் அடிக்காதீர்கள். செடியை இது தின்னாது. கட்டையில் இருக்கும் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை இவைதான் அதற்குச் சாப்பாடு. பெயரில் பூஞ்சை என்று இருந்தாலும் பூஞ்சை இனமே கிடையாது, அமீபாக்களின் உறவு.

மஞ்சள் நிறத்தை வைத்து இனம் சொல்ல முடியாது குமரன். மஞ்சளாகப் படரும் சளிப்பூஞ்சைகள் பல உண்டு. காய்ந்து வித்து விடும்போது என்ன வடிவம் எடுக்கிறது என்பதுதான் கேள்வி. ஃபுலிகோ என்றால் மொத்தமும் திரண்டு ஒரே அடை மாதிரி ஆகும், மேல் ஓடு உடைந்தால் கறுப்புத் தூள். நாகலூர் நண்பரே, உங்களுடையது எப்படி ஆனது?

காப்பித்தோட்டம்_நாகலூர்:

அடையாக ஆகவில்லைங்க சார். ஒன்று மட்டும் வெயில் படும் ஓரத்துக்கு ஏறி, குண்டூசி உயரம்கூட இல்லாத காம்புகளாக நின்றது. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மடிப்பு மடிப்பாகச் சாம்பல் நிறத் தலை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன், ஒரு தலையிலேயே பல மடல்கள். விரலால் தொட்டால் கரித்தூள்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

அப்படியானால் ஃபைசாரம் பாலிசெபாலம் ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம். உறுதி செய்ய மைக்ராஸ்கோப்பில் அந்தத் தலைக்குள் இருக்கும் இழைவலையையும் அதில் சுண்ணாம்பு முடிச்சுகள் இருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். இனி 720க்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

நீங்கள் கட்டையில் பார்த்தது அதன் வாழ்க்கையில் பாதிதான். அந்தக் கரித்தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்து. ஈரம் பட்டால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அமீபா ஒன்று வெளியே வரும். ஒற்றைமடி, அதாவது ஒரே தொகுதி குரோமோசோம். மண்ணில் பாக்டீரியாவைத் தின்று இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகும். தண்ணீர் தேங்கினால் கசையிழை முளைத்து நீந்தும், வடிந்தால் மறுபடி ஊரும். ஏற்ற துணை கிடைத்தால் இரண்டு அமீபாக்கள் ஒன்றாகி, உட்கருவும் கலந்து இருமடிக் கருமுட்டை ஆகிறது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. உட்கரு பிரிகிறது, செல் பிரிவதில்லை. இரண்டு, நான்கு, எட்டு என்று போய், லட்சக்கணக்கான உட்கருக்கள் ஒரே உறைக்குள். அதுவும் எல்லா உட்கருக்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிரியும். இதுதான் உங்கள் மஞ்சள் விசிறி. இதற்குப் பிளாஸ்மோடியம் என்று பெயர்.

ஆக, கல்யாணம் நடப்பது மண்ணில், அமீபாக்களுக்குள். நீங்கள் கட்டையில் பார்த்த இரண்டும் கல்யாணம் முடிந்து பிறந்தவை.

காப்பித்தோட்டம்_நாகலூர்:

அதாவது 720க்கும் நான் பார்த்த சண்டைக்கும் சம்பந்தமே இல்லையா?

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

நேரடிச் சம்பந்தம் இல்லை. 1960இல் ஜெனிஃபர் டீ என்ற ஆய்வாளர்தான் இந்த உயிரில் இணைவகை என்று ஒன்று இருப்பதை முதலில் காட்டினார். ஒரே வகை அமீபாக்களை மட்டும் வளர்த்தால் பிளாஸ்மோடியம் வரவில்லை, இரண்டு வகையைக் கலந்தால் வந்தது. இதை ஆளும் மரபணு இடத்துக்கு இப்போது மேட்-ஏ என்று பெயர். பிற்பாடு மேட்-பி, 1987இல் மேட்-சி. மேட்-ஏவிலும் மேட்-பியிலும் பதின்மூன்றுக்குக் குறையாத மாற்றுருக்கள் (அந்த இடத்தில் வரக்கூடிய வெவ்வேறு வடிவங்கள்), மேட்-சியில் மூன்று. 13, 13, 3 பெருக்கினால் 507. புதுப்புது ஊர்களிலிருந்து மாதிரி கிடைக்கக் கிடைக்க மாற்றுரு கூடும், பெருக்குத்தொகை ஏறும். 16, 15, 3 என்று வைத்தால் 720. பாரிஸ் விலங்கியல் பூங்கா 2019இல் இதைக் காட்சிக்கு வைத்தபோதுதான் 720 உலகம் முழுக்கச் சுற்றியது.

கணக்குப்புலி:

வாத்தியார் ஐயா, பெருக்கினால் எவ்வளவு வேண்டுமானாலும் வரும். கேட்க வேண்டியது, இரண்டு அமீபாக்கள் எதேச்சையாகச் சந்தித்தால் ஜோடி சேரும் வாய்ப்பு எவ்வளவு என்பது. போட்டுப் பார்த்தேன். எல்லா மாற்றுருக்களும் சம அளவில் பரவியிருப்பதாக வைத்துக்கொள்கிறேன்.

இரண்டே வகை என்றால் பாதிக்குப் பாதி, 50 சதவீதம். ஒரே இடத்தில் 13 மாற்றுரு என்றால் பதின்மூன்றில் பன்னிரண்டு, 92 சதவீதம். இரண்டு இடத்திலும் வேறுபட்டிருக்க வேண்டும் என்றால் 85. மூன்றாவது இடத்திலும் கட்டாயம் என்றால், அங்கே மூன்றே மாற்றுரு என்பதால், 57க்கு விழுந்துவிடுகிறது. ஆக 13ஐ விட 169 வகை கொஞ்சம் மோசம், 507 இன்னும் மோசம். எண் பெரிதாக ஆக ஜோடி சுலபம் என்ற மச்சான் கணக்கு தப்பு.

ஆனால் ஒரே பிளாஸ்மோடியத்தின் பிள்ளைகளுக்குள் பாருங்கள். தாய்க்கு மேட்-ஏவில் இரண்டு மாற்றுரு, மேட்-பியில் இரண்டு. இரண்டு இடங்களும் தனித்தனியாகப் பிரிந்து போகும் என்றால் வித்துகள் நான்கு வகை. ஒவ்வொரு வகைக்கும் சரியான துணை மற்ற மூன்றில் ஒன்றுதான். வாய்ப்பு 25 சதவீதம். அந்நியனோடு 85, கூடப்பிறந்ததோடு 25. இந்த ஏற்பாட்டின் லாபம் இந்த இடைவெளியில் இருக்கிறது என்று நினைக்கிறேன், 720இல் இல்லை.

மிளகுக்கொடி:

கணக்குப்புலி சொன்னது அருமை. நான் ஆய்வு மாணவி, ஃபைசாரத்தோடுதான் குடித்தனம். ஒரு திருத்தம் மட்டும். மூன்று இடங்களும் ஒரே வேலையைச் செய்யவில்லை, அதனால் மூன்றையும் ஒரே மாதிரிக் கட்டாயம் என்று பெருக்கக் கூடாது. மேட்-சி, அமீபா வளரும் ஊடகத்தின் அமிலத்தன்மையைப் பொறுத்து அமீபாக்கள் கலப்பதைக் கூட்டிக் குறைக்கிறது, அவ்வளவுதான். அது கட்டாயக் கதவு இல்லை.

மேட்-ஏ, மேட்-பி வேலைப் பிரிவினையை 1981இல் யங்மன், ஆண்டர்சன், ஹோல்ட் மூவரும் பிரித்துக் காட்டினார்கள். மேட்-பி வேறு, மேட்-ஏ ஒன்றே என்று இருக்கும் அமீபாக்களைக் கலந்தார்கள். செல்கள் தாராளமாக ஒட்டிக் கலந்தன, ஆனால் பிளாஸ்மோடியம் வரவில்லை. கலந்தவை வளராமல் திரும்பவும் அமீபா வாழ்க்கைக்கே போய்விட்டன. அடுத்து மாற்றி, மேட்-ஏ வேறு, மேட்-பி ஒன்றே. செல்கள் கலப்பதே அபூர்வம், ஆனால் அபூர்வமாகக் கலந்தவை ஒழுங்காகப் பிளாஸ்மோடியம் ஆயின.

ஆகவே கலக்கலாமா என்று கேட்பது மேட்-பி. கலந்த பிறகு, இனி அமீபாவாக இருக்காதே, பிளாஸ்மோடியமாக மாறு என்று சொல்வது மேட்-ஏ. இந்த மாற்றம் சின்ன விஷயம் இல்லை. அமீபா பிரியும்போது உட்கரு உறை உடைகிறது, பிரிவை ஒழுங்குபடுத்தும் சென்ட்ரியோல் இருக்கிறது. பிளாஸ்மோடியத்தில் உறை உடையாமல் உள்ளுக்குள்ளேயே பிரிவு முடிகிறது, சென்ட்ரியோலே கிடையாது. புரொஃபிலின் போன்ற சில புரதங்களுக்கு அமீபாவில் ஒரு மரபணு, பிளாஸ்மோடியத்தில் வேறு மரபணு. ஒரே உயிர் தன் செல் எந்திரத்தையே மாற்றிக்கொள்கிறது, அதற்கான அனுமதி மேட்-ஏ கையில்.

மேட்-ஏவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. நம்மில் மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து வருகிறது, முட்டை பெரியது என்று ஒரு சமாதானம் சொல்லலாம். இங்கே இரண்டு அமீபாவும் ஒரே அளவு, இரண்டும் தன் மைட்டோகாண்ட்ரியாவைக் கொண்டுவருகின்றன. ஆனாலும் கருமுட்டைக்குள் ஒருவருடைய மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏ மட்டும் அழிக்கப்படுகிறது. யாருடையது? மேட்-ஏ மாற்றுருக்களுக்குள் மேல் கீழ் வரிசை ஒன்று இருக்கிறது, கீழே இருப்பவருடையது அழியும். அதே அமீபா ஒரு துணையோடு சேர்ந்தால் தாய் மாதிரி, இன்னொன்றோடு சேர்ந்தால் தகப்பன் மாதிரி. இதற்குப் பாலினம் என்று பெயர் வைத்தால் 720 என்றுதான் தலைப்புப் போட வேண்டியிருக்கும். எனக்கு அந்தத் தலைப்பு பிடிக்காது.

காப்பித்தோட்டம்_நாகலூர்:

நன்றிங்க மேடம், பாதி புரிந்தது, பாதியை மறுபடி படிக்கிறேன். கட்டை விஷயம் இன்னும் பாக்கி.

மிளகுக்கொடி:

வருகிறேன் அண்ணா. பிளாஸ்மோடியங்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டுவதற்குத் தனி மரபணுக்கள், ஃபஸ் என்று பெயர். அதிலும் ஏ, பி, சி என்று பல இடங்கள். விதி இங்கே நேர் தலைகீழ். அமீபாக்கள் சேர வேறுபாடு வேண்டும். பிளாஸ்மோடியங்கள் ஒட்ட ஒற்றுமை வேண்டும். ஃபஸ் குணம் எல்லாவற்றிலும் ஒத்துப்போனால்தான் உறைகள் திறந்து, நரம்புகள் இணைந்து, ஒரே ஓட்டமாக ஓடும். உங்கள் கத்தியால் அறுத்தது தன்னோடு தானே ஒட்டியதற்குக் காரணம் அதுதான். எதிரெதிராக வந்தவை வேறு வேறு வித்துகளிலிருந்து பிறந்த குடும்பங்கள், ஃபஸ் பொருந்தவில்லை, தொட்டுப் பார்த்துவிட்டு விலகிவிட்டன.

ஃபஸ் தப்பித் தவறி ஒத்துப்போய் ஒட்டிக்கொண்டாலும் அடுத்த காவல் இருக்கிறது. வேறு சில மரபணுக்களில் வித்தியாசம் இருந்தால், ஒட்டிய பிறகு ஒருவருடைய உட்கருக்கள் மட்டும் அழிக்கப்படும். எல்லா உட்கருவும் ஒரே சாப்பாட்டுப் பானையில் கைவைக்கும் உடம்பு இது. அந்நியனை உள்ளே விட்டால் சாப்பாட்டைத் தின்றுவிட்டு வித்தில் தன் பங்கை மட்டும் ஏற்றிக்கொண்டு போய்விடலாம்.

காப்பித்தோட்டம்_நாகலூர்:

இப்போது நன்றாகப் புரிந்தது. எங்கள் கொங்குப் பக்கம் கூட்டம் (குலம்) பார்ப்பது போலத்தான். பெண் எடுக்க வேறு கூட்டம் வேண்டும், சொத்தில் சேர்ந்து இருக்கப் பங்காளியாக இருக்க வேண்டும்.

கணக்குப்புலி:

ஒரே ஓட்டை, அங்கே கூடப்பிறந்ததோடு 25 சதவீதம் கல்யாணம் நடந்துவிடுகிறது. நம் ஊரில் வெட்டிப் போட்டுவிடுவார்கள்.

எம்எஸ்சி_இரண்டாம்_வருடம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் சேலத்தில் படிக்கிறேன், புராஜெக்டுக்கு இதைத்தான் எடுத்திருக்கிறேன். மஞ்சக்குட்டைப் பக்கம் எடுத்த வித்துகளை நீர்த்துப் பரப்பி, அகாரில் பாக்டீரியா போட்டு, ஒரு தட்டுக்கு ஒரே வித்து என்று வைத்தேன். பெரும்பாலான தட்டுகளில் வெறும் அமீபாதான். ஒரு தட்டில் மட்டும் குட்டியாக மஞ்சள் பிளாஸ்மோடியம் வந்துவிட்டது. ஒரே வித்து, ஒரே மேட்-ஏ, பிறகு எப்படி? கைடு தட்டைத் தூக்கிப் போடச் சொல்கிறார்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

போடாதேம்மா! அது கிடைப்பதற்கரிய தட்டாக இருக்கலாம். கொலோனியா என்ற வகையில் அமீபா ஒன்று, துணையே இல்லாமல் தானே பிளாஸ்மோடியமாக மாறும். மேட்-ஏவை ஒட்டி இருக்கும் கேட் (gad) என்ற மரபணு மாற்றம்தான் காரணம். துணை கிடைத்துவிட்டது என்ற சைகை வராமலேயே வளர்ச்சி தொடங்கிவிடுகிறது. ஆய்வகங்களில் பிளாஸ்மோடிய மரபியல் வேகமாக முன்னேறியதே அந்த வகையால்தான். ஒற்றைமடிப் பிளாஸ்மோடியம் என்றால், இன்னொரு நகல் இருந்தால் மறைந்துபோகும் பின்னடைவு மரபணு மாற்றங்களும் வெளியே தெரியும் அல்லவா. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. மேட்-ஏ பக்கத்திலேயே மாற்றம் ஏற்பட்டு, துணை இல்லாமல் தானே பிளாஸ்மோடியம் ஆகும் திறனை இழந்த வகைகளையும் பிரித்தெடுத்தார்கள்.

மிளகுக்கொடி:

சார், மன்னிக்கணும், நான் அவ்வளவு சீக்கிரம் கேட் பக்கம் போகமாட்டேன். காட்டு மாதிரியில் ஒரே ஒரு தட்டில் வந்திருக்கிறது. நான் முதலில் சந்தேகப்படுவது இரண்டு வித்துகள் ஒட்டிக்கொண்டு ஒன்றாக விழுந்ததை. ஃபைசாரம் வித்துகள் கட்டி கட்டியாகத்தான் வரும், சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுக் குலுக்கினாலும் சில பிரியாது. அடுத்தது வித்துக்குள்ளேயே. குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் குன்றல் பிரிவில் வரும் நான்கு உட்கருக்களில் ஒன்று மட்டும் மிஞ்சுவது வழக்கம். இரண்டு மிஞ்சிவிட்டால் அந்த ஒரு வித்தே இரண்டு வகை அமீபா கொடுக்கும். அதற்கப்புறம்தான் கேட்.

ஓய்வுபெற்ற_வாத்தியார்:

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் வரிசையில் மூன்றாவது என்பதற்காகத் தூக்கிப்போடக் கூடாது. துணை இல்லாமல் வளர்வது ஆய்வகச் சரக்கு மட்டும் இல்லை, டிடிமியம் போன்ற மற்ற சளிப்பூஞ்சைகளில் காட்டு வகைகளிலேயே பார்த்திருக்கிறார்கள்.

மிளகுக்கொடி:

சரி, அதனால் சோதித்தே பார்த்துவிடலாம். தங்கச்சி, அந்தத் தட்டில் பிளாஸ்மோடியம் தொடாத ஓரத்தில் அமீபா இன்னும் இருந்தால், அதிலிருந்து ஒரே ஒரு அமீபாவின் வாரிசுகளை மட்டும் புதிய தட்டுக்கு மாற்று. வித்து வேண்டாம், அமீபா. இப்படிப் பல தட்டு. எல்லாவற்றிலும் பிளாஸ்மோடியம் தானாக வந்தால் வாத்தியார் ஜெயித்தார். எதிலும் வராமல், இரண்டு தட்டு அமீபாக்களைக் கலக்கும்போது மட்டும் வந்தால் நான் ஜெயித்தேன். அடுத்து பிளாஸ்மோடியத்தின் உட்கரு டிஎன்ஏ அளவை அமீபாவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், சமம் என்றால் ஒற்றைமடி, இரண்டு பங்கு என்றால் கலந்து பிறந்தது. அதை வித்து விடவைத்தும் பார். ஒற்றைமடிப் பிளாஸ்மோடியம் விடும் வித்துகளில் மிகக் குறைவானவையே முளைக்கும். முளைப்பவையும் தற்செயலாக இருமடி ஆகிப்போன உட்கருவிலிருந்து வந்தவை.

எம்எஸ்சி_இரண்டாம்_வருடம்:

நன்றி அக்கா, சார். வித்து விடவைப்பது எப்படி? ஓட்ஸ் போட்டு இருட்டில் வைத்தால் வளர்ந்துகொண்டே இருக்கிறது.

மிளகுக்கொடி:

சாப்பாட்டை நிறுத்து. இருட்டிலேயே பல நாள் பட்டினி போடு, ஈரம் மட்டும் குறையாமல். அப்புறம் வெளிச்சம் காட்டு. பட்டினி இல்லாமல் வெளிச்சம் காட்டினால் ஓடி ஒளியும், பட்டினி கிடந்தது வெளிச்சம் பட்டால் வித்து விட முடிவெடுக்கும். வெளிச்சத்தை உணர, செடிகளில் உள்ள ஃபைட்டோகுரோம் மாதிரி நிறமி ஒன்று அதற்கு இருக்கிறது. முடிவெடுத்த பிறகு ஓட்ஸ் போட்டாலும் திரும்பாது.

ஓமலூர்க்காரன்_பெங்களூரு:

தாமதமாக வருகிறேன். உங்கள் ஃபைசாரத்தை மட்டும் பேசி, எங்கள் டிக்டியோஸ்டீலியம் என்ற இன்னொரு வகைச் சளிப்பூஞ்சையை விட்டுவிட்டீர்கள். அதிலும் இணைவகை உண்டு, மூன்றே மூன்று. எந்த வகையும் மற்ற இரண்டோடு சேரும், தன்னோடு சேராது. 2010இல் அந்த மரபணு இடத்தையே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரே இடத்தில் மூன்று விதமான மரபணுத் தொகுப்பு, முதல் வகைக்கு ஒரே ஒரு மரபணு, இரண்டாம் வகைக்கு மூன்று, மூன்றாம் வகைக்கு இரண்டு.

ஃபைசாரத்தில் இணைவும் வளர்ச்சியும் ஒரே பாதை. இங்கே இரண்டும் வேறு வேறு பாதை. பட்டினி வந்தால் அமீபாக்கள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளை ஏறக்குறைய ஆறு நிமிடத்துக்கு ஓர் அலையாக விட்டு ஒன்றையொன்று கூப்பிடும். லட்சம் அமீபாக்கள்வரை கூடி, அட்டை மாதிரி ஊர்ந்து, ஒரு நாளில் காம்பும் வித்துமாக நிற்கும். ஐந்தில் ஒரு பங்கு காம்பாகிச் செத்துப்போகும். இதில் இணைவே கிடையாது. இணைவு நடப்பது ஈரமும் இருட்டும் உள்ள இடத்தில். இரண்டு வகை கலந்து ஒரு ராட்சதச் செல் ஆகும், அதுவும் அதே சைக்ளிக் ஏஎம்பியை விட்டுச் சுற்றியிருக்கும் அமீபாக்களைக் கூப்பிடும். வந்தவற்றைத் தின்றுவிட்டுத் தடித்த சுவருக்குள் உறங்கும்.

மிளகுக்கொடி சொன்ன பங்காளிப் பிரச்சினை இங்கேயும் உண்டு. டிஜிஆர்-பி1, டிஜிஆர்-சி1 என்ற ஒரு ஜோடி மரபணுக்கள்தான் சொந்தக்காரனை அடையாளம் காட்டுகின்றன. ஆனால் காவல் அவ்வளவு கறார் இல்லை. முதுமலையில் காட்டு விலங்குகளின் சாணத்திலிருந்து எடுத்த இந்த இனத்து உறவினங்களில், ஒரே காம்பில் பல குடும்பங்கள் கலந்திருப்பதை இங்கே ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆட்கள் 2010இல் எழுதியிருக்கிறார்கள். சேர்வராயன் மலை மண்ணில் யாராவது பார்த்தால் நன்றாக இருக்கும். சோலை மண், காட்டெருமைச் சாணம் எல்லாம் அங்கேயே இருக்கிறது.

காப்பித்தோட்டம்_நாகலூர்:

சாணம் அனுப்பச் சொல்லாதீர்கள். மஞ்சளை வேண்டுமானால் அனுப்புகிறேன். ஆய்வுக்கு ஆகுமா?

மிளகுக்கொடி:

கண்டிப்பாக அண்ணா. ஈரத்தோடு அப்படியே அனுப்ப வேண்டாம், வழியில் அழுகிவிடும். டப்பாவில் ஈரமான ஃபில்டர் பேப்பர் விரித்து, கட்டையிலிருந்து ஒரு துண்டைப் பட்டையோடு வையுங்கள், பேப்பருக்கு ஏறிவிடும். மூடியைக் கொஞ்சம் திறந்து நிழலில் மெதுவாகக் காயவிட்டால் ஆரஞ்சு நிறத்தில் மொறுமொறுவென்று படிந்துவிடும். அந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். வெயிலில் வைத்து அவசரமாகக் காயவைத்தால் செத்துவிடும். அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, இரண்டையும் தனித்தனிக் கவரில் போடுங்கள், ஒரே கத்தியால் இரண்டையும் எடுக்காதீர்கள். எந்தக் கட்டை, எந்தப் பக்கம் என்று பென்சிலால் எழுதுங்கள், பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.